நாலடிப் பலகையில் உதயதேவி ஓடுமா?

கேள்வி: அக்கரைப்பற்றிலிருந்து, 2024 யூன் 9

அண்ணன், என்னிடம் நாலடி நீளம், ஒரு அடி அகலத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதில் வட்டமாகச் சின்னப் பாதை போட்டு, கொழும்பு - மட்டக்களப்பு ரயிலான உதயதேவியின் மாதிரியை ஓடவிட ஆசை. 16.5 மி.மீ. பாதை (இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே உள்ள அகலம்) வாங்கினால் எல்லாம் சரிவரும் என்கிறார்கள். ஜெர்மன் எஞ்சின் ஒன்று பழையதாகக் கிடைத்திருக்கிறது, கடும் சிவப்பு. நிறம் மாற்ற ஹாட்வெயார் கடை ஸ்பிரே போதுமா? எங்கட பக்கம் தண்டவாளமே இல்லை. கேட்க ஆளும் இல்லை.

யூன் 9, இரவு

ஓடாது தம்பி. நானும் இதே ஆசையோடு இதே அளவுப் பலகையில் தொடங்கி ஆறு மாதத்தை வீணாக்கினவன்தான். 16.5 மி.மீ. பாதையில் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற இறுக்கமான வளைவுக்கே ஆரை 36, 37 செ.மீ. வட்டம் முழுதாகச் சுற்ற இரண்டரை அடிக்கு மேல் அகலம் வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரு அடி.

இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் நாட்டு ரயில் பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. உங்கள் ஜெர்மன் எஞ்சின் 1:87, நிஜத்தின் 87 இல் ஒரு பங்கு. அந்த அளவில் எங்கள் பாதை 19 மி.மீ. சொச்சம் வரவேண்டும். 16.5 பாதையில் ஏற்றினால் பெட்டி அகலமாகவும் கால் ஒல்லியாகவும் தெரியும். பாதைக்குப் பொருந்த எஞ்சினைச் செய்யப் போனால் ஏறத்தாழ 1:102 என்று யாருமே தயாரிக்காத ஓர் அளவில் போய் நிற்பீர்கள்.

வட்டத்தை மறந்துவிட்டு ஒரு தொழிற்சாலை யார்ட் செய்யுங்கள். சின்ன எஞ்சின், சின்ன வேகன், மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் பக்கப்பாதை), இரண்டு பொயின்ற் (பாதை பிரியும் இடம்). இங்கிலாந்தில் அலன் றைற் என்பவர் செய்த ‘இங்கிள்நுக்’ என்ற யார்ட்டின் கணக்கு இதற்கென்றே வெட்டித் தைத்தது போல இருக்கும். ஒரு சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மூன்று மூன்று. இழுத்துப் பின்வாங்கும் பாதையில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டும் நிற்கலாம். மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, எடுத்த ஒழுங்கிலேயே கோர்த்து ஐந்து வேகன் பாதையில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. எட்டில் ஐந்தை ஒழுங்காக எடுக்க 6720 விதம் இருக்கிறது, அலுக்காது.

என்னுடையது ஒரு கடதாசி ஆலை யார்ட், 90 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். 9 மி.மீ. பாதை, ஓ.ஓ. அளவு, அதாவது 1:76. கொழும்புப் பக்கத்தில் களனிவெளிக் கோச்சி (ரயில்) ஒருகாலம் ஓடிய 2 அடி 6 அங்குலப் பாதைக்கு அது கச்சிதமான பொருத்தம்.

யூன் 11

மேலே கடைசி இரண்டு வரியும் பிழை. ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை, குளிக்கும்போது எனக்கே உறைத்தது.

2 அடி 6 அங்குலம் என்றால் 762 மி.மீ. ஓ.ஓ. அளவில் ஒரு அடிக்கு 4 மி.மீ., ஆகவே பாதை சரியாக 10 மி.மீ. வரும். ஒன்பது அல்ல. எச்.ஓ. அளவில், அதாவது 1:87 இல் வகுத்தால் 8.76. அதுதான் 9 மி.மீ. பாதைக்கு நெருக்கம். ஓ.ஓ. அளவில் 9 மி.மீ. போடுகிறவர்கள் உண்மையில் 2 அடி 3 அங்குலப் பாதையைத்தான் செய்கிறார்கள்.

நான் என்ன செய்திருக்கிறேன் தெரியுமா? கட்டடமெல்லாம் எச்.ஓ. கணக்கில், வேகன் இரண்டு ஓ.ஓ. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இனி எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

யூன் 16

“ஏன் கடதாசி ஆலை? மட்டக்களப்புக் கல்லடிக்காரர் கல்லடிப் பாலத்தையல்லவா செய்ய வேண்டும்” என்று ஒருவர். 1924 இல் கட்டிய பாலம், இரும்புச் சட்டம், பார்க்க அழகுதான். ஆனால் அதில் கோச்சி போகவில்லையே ஐயா. அடியில் வாவியில் பாடுவதாகச் சொல்கிற மீனுக்கு ஒலிபெருக்கி வேறு வைக்கச் சொல்வீர்கள்.

வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1956 இல் ஓடத் தொடங்கியது. பெரியப்பா அங்கே வேலை. சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போவோம். எனக்கு ஞாபகத்தில் நிற்பது இயந்திரம் அல்ல, வைக்கோல்தான். வயல் முடிந்து வந்த வைக்கோல் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். அதைச் சோடாக் காரத்தில் அவித்துக் கூழாக்கிக் கடதாசி செய்கிறார்கள் என்று பெரியப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. மாடு தின்கிற சாமானில் கொப்பி செய்வார்களா?

என் யார்ட்டுக்கு உள்ளே வருவது வைக்கோல், சோடா, எரிபொருள். வெளியே போவது கடதாசி உருளை. வேகனுக்கு வேகன் வேலை வேறு என்பதால் எதை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு அர்த்தம் வந்துவிடுகிறது. ஆலைக்குள் ஓடும் குறும்பாதை (அகலம் குறைந்த பாதை) முழுக்க என் கற்பனை. ஆலையின் பெயரும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அக்கரைப்பற்றுத் தம்பிக்கு: உங்கள் பக்கம் ஹிங்குராணைச் சீனி ஆலை இருக்கிறதே! கரும்பு வேகனை விட அழகான வேகன் எது? தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்து அம்பாறை மாவட்டத்துக்கு வராமல் போனது உங்களுக்கு வசதி. இல்லாத பாதையில் பிழை பிடிக்க ஒருவரும் வரமாட்டார்கள்.

யூன் 23

பலகை பற்றிக் கேட்டீர்கள். எம்.டி.எஃப். வேண்டாம், மாரியில் பப்படம் மாதிரி ஊதும். என் முதல் பலகை சாதாரணப் பிளைவூட். சுவரோடு சாத்தி வைத்திருந்தேன். ஒருநாள் தூக்கியபோது பாரமே இல்லை. மேல்தோல் மட்டும் இருந்தது, உள்ளே முழுக்கக் கறையான். இப்போது அலுமினியச் சட்டம், மேலே றெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டை. ஒரு கையால் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளலாம்.

றெஜிபோமில் ஸ்பிரே பெயின்ற் படவிடாதீர்கள், தின்றுவிடும். முதலில் தண்ணீரில் கலக்கிற சுவர்ப் பெயின்ற் இரண்டு பூச்சு. ஒட்டுவதற்கும் வெள்ளைப் பசைதான், ரியூப்பில் வருகிற மணக்கும் பசை குழி தோண்டும்.

தண்டவாளத்துக்கு அடியில் பரப்பும் சல்லிக்குக் கடற்கரை மணல் எடுத்தேன். கல்லடிக்காரன் வேறு எதை எடுப்பான்? இரண்டு பிழை. உப்பு மணல் காற்றில் இருக்கிற ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பாதையோரம் எப்போதும் நசநசவென்று இருந்தது. நாலு தரம் நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்த பிறகுதான் அடங்கியது. மற்றது கறுப்புத் துகள். எங்கள் கரையோர மணலில் இரும்புத்தாது கலந்த துகள் கொஞ்சமாவது இருக்கும். பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மணலுக்குள் விட்டுப் பாருங்கள், மீசை முளைத்துக்கொண்டு வரும். அந்த மீசை எஞ்சின் மோட்டருக்குள் போனால் கதை முடிந்தது, மோட்டருக்குள்ளும் காந்தம்தானே.

யூலை 7

இன்று நிறம். ஒள்ளுப்பம் நீளமாக எழுதுவேன், இதில்தான் அதிகம் அடிபட்டேன்.

ஹாட்வெயார் ஸ்பிரே போதுமா என்ற கேள்விக்கு: போதும், ஆனால் கடைசியில். முதலில் பழைய நிறத்தைக் கழற்ற வேண்டும். பழைய நிறத்தின் மேலேயே அடித்தால் ஆணித்தலை, கதவுக் கோடு, காற்றுத் துவாரம் எல்லாம் தூர்ந்து எஞ்சின் சவர்க்காரக் கட்டி மாதிரி ஆகிவிடும்.

கழற்றுவதற்கு நான் முதன்முதல் எடுத்தது தின்னர். பெயின்ற் போகிறதா? போனது. எஞ்சினும் போனது. ஒரு கிண்ணத்தில் உடலைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்த் திரும்பினால் கபின் வெயிலில் வைத்த பனங்கட்டி மாதிரி இளகிச் சாய்ந்து கிடக்கிறது. விரலால் தொட்டேன், ரேகை பதிந்தது. அந்த ரேகையோடு அது இன்னும் என் மேசையில், ஆலைக்குப் பின்னால் கழிவிரும்புக் குவியலில் கிடக்கிறது. அந்த யார்ட்டில் மிக நிஜமாகத் தெரிகிற சாமான் அதுதான் என்று மகள் சொல்கிறாள்.

இரண்டாவது எஞ்சினுக்கு ஐசோபுரோப்பைல் அல்ககோல், 99 வீதம். இலத்திரனியல் பொருள் விற்கிற கடையில் கேளுங்கள். மோட்டர், சில்லு, கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உடலை மட்டும் மூடியுள்ள டப்பாவில் மூழ்கவைத்து இரவு விட்டேன். காலையில் பழைய பல்துலக்கியால் தேய்க்கச் சிவப்பு தோல் தோலாக உரிந்தது. எல்லா நிறமும் இதற்கு மசியாது. ஆகவே முதலில் உடலின் உட்பக்கம் ஒரு மூலையில் பஞ்சால் தொட்டுப் பாருங்கள், மறுகா மூழ்க வையுங்கள். அடுப்பு எரிகிற இடத்தில் இந்த வேலை வேண்டாம்.

அப்புறம் பாத்திரம் கழுவுகிற திரவத்தால் கழுவி, விரலால் தொடாமல் காயவைத்து, அடிப்பூச்சு. மெல்லியதாக மூன்று தரம். முதல் தரம் தூவியது போல மட்டும், “இன்னும் அடிக்கவேயில்லையே” என்று தோன்ற வேண்டும். அந்தத் தோற்றத்தைப் பொறுக்க முடியாமல் ஒரே வீச்சில் மூடப் போனால் கீழ் விளிம்பில் கண்ணீர் மாதிரி வடியும்.

ஒரு பெயின்ற்றின் மேல் என்ன அடிக்கலாம் என்பதற்கும் முறை இருக்கிறது. எனமலின் மேல் லக்கர் ஸ்பிரே அடித்தால் கீழிருப்பது சுருண்டு ஆமைத்தோல் ஆகும். மறுபுறம், நன்றாகக் காய்ந்த லக்கரின் மேல் எனமல் பிழையில்லை. கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான்” என்பார். ஒன்றல்ல. பழைய யோகட் கோப்பையில் அடித்துச் சோதித்துவிட்டு எஞ்சினில் கைவையுங்கள்.

எப்போது அடிப்பது என்றால் நடுப்பகல். வெயில் உச்சியில் இருக்கும்போது ஈரம் குறைவு, சட்டென்று காயும்.

யூலை 8

நடுப்பகல் என்று நேற்று எழுதினேன். இன்று நடுப்பகல் அடித்தேன். எஞ்சினைத் தடவினால் மண்தாள்.

கச்சான் காற்று! (கடலைக் கச்சான் அல்ல, வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன்.) மேற்கிலிருந்து அனல் மாதிரி வருகிற இந்தக் காற்றில் பெயின்ற் துளி எஞ்சினைத் தொடுமுன்னே பாதி காய்ந்துவிடுகிறது. காய்ந்த துளி படியாமல் தூசியாக ஒட்டுகிறது. அதோடு முற்றத்து மண்ணும் இலவசம். திரும்ப அல்ககோலில் போட்டாயிற்று.

யூலை 21

இரண்டு கிழமை வேறுவேறு நேரத்தில் யோகட் கோப்பைகளுக்குப் பெயின்ற் அடித்தேன். வீட்டில் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

விடியற்காலை: காற்று இல்லை, ஆனால் ஈரம். மங்கல் பிடிக்கிறது. நடுப்பகல்: மேலே சொன்னேன். பின்னேரம்: கச்சான் ஓய்ந்தாலும் தூசி அந்தரத்தில் நிற்கிறது, அதோடு நுளம்பு. ஒரு நுளம்பு நிரந்தரமாக ஒரு கோப்பையில் இருக்கிறது. சரியாக வந்தது காலை எட்டரைக்கும் பத்துக்கும் இடையில், பனி ஈரம் போய்க் காற்று எழும்பாத நேரம். அதுவும் வெளியில் அல்ல. வாசலில் பெரிய காட்போட் பெட்டியைப் படுக்கப் போட்டு, அதன் வாய்க்குள் எஞ்சினைக் குச்சியில் குத்திப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கு முகமூடி கட்டி அடித்தேன். அடித்தவுடன் மேலே ஒரு சோற்றுப் பாத்திரத்தைக் கவிழ்த்து மூடிவிட்டால் தூசி படாது. பாத்திரம் யாருடையது என்பதை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஓகஸ்ட் 4

மஞ்சள்தான் அடித்தேன். அரசாங்க எஞ்சின் என்றால் இந்த நிறம், இந்தக் கோடு, இந்த ஆண்டு என்று வழக்கு வரும். ஹன்ஸ்லெட் கம்பனி 1969 இல் எங்களுக்குக் கட்டித் தந்த ‘வை’ வகை ஷண்டிங் (யார்ட்டுக்குள் வேகன்களை முன்பின் நகர்த்துகிற) எஞ்சினைச் செய்யலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆறு சில்லு, முன்னும் பின்னும் ஓட்டக் கம்பீரமான சாமான். ஆனால் அது அகலப் பாதை எஞ்சின். 9 மி.மீ. பாதையில் அதை நிறுத்தினால் யானைக்குச் சைக்கிள் கொடுத்த மாதிரி. தொழிற்சாலையின் சொந்த எஞ்சின் என்றால் முதலாளி விரும்பிய நிறம்.

மஞ்சளிடம் ஒரு குணம் இருக்கிறது, அடியில் இருப்பதை மறைக்கத் தெரியாது. நான் சாம்பல் அடிப்பூச்சின் மேல் அடித்தேன். நாலு பூச்சுப் போட்டும் பச்சை ஓடிய, பழுக்காத பப்பாசி நிறம். திரும்பக் கழற்றி வெள்ளை அடிப்பூச்சுப் போட்டு அடித்தேன், இரண்டு பூச்சில் மஞ்சள் மஞ்சளாக வந்தது. அடியில் வெளிர் இளஞ்சிவப்பு போட்டால் இன்னும் சூடான மஞ்சள் வரும் என்று ஏறாவூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அடுத்த எஞ்சினில் பார்ப்போம். இதே உடலை நாலாம் தரமும் உரித்தால் ஆணித்தலை ஒன்றும் மிஞ்சாது.

முன்னும் பின்னும் கறுப்புச் சாய்கோடு, அந்தக் குளவிக் கோடு. மறைக்கிற டேப்பைக் கண்ணாடியில் ஒட்டிப் பிளேடால் 2 மி.மீ. பட்டையாக வெட்டுங்கள். வாங்கியபடியே இருக்கிற டேப்பின் விளிம்பு நேராகத் தெரியும், உண்மையில் பல்லிருக்கும். ஒட்டியதும் உடனே கறுப்பை அடிக்காதீர்கள். முதலில் அதே மஞ்சளை டேப்பின் விளிம்பில் மெல்லத் தூவுங்கள். ஏதாவது கசிவதாக இருந்தால் மஞ்சள் கசிந்து துவாரத்தை அடைத்துவிடும், பிறகு வருகிற கறுப்புக்கு வழியில்லை. இதை முன்னமே ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சம்.

ஓகஸ்ட் 5

“2 மி.மீ. கோடு, 87 ஆல் பெருக்கினால் 17 செ.மீ., சரியா?” சரி. நான் அளந்து வெட்டவில்லை, கண்ணால் பார்த்து வெட்டினேன். சரியாக வந்தது தற்செயல்.

செப்டம்பர் 15

மோட்டரை எரித்துவிட்டேன்.

பழைய மோட்டர் முனகியதால் சின்னக் கோர்லெஸ் (இரும்புக் கரு இல்லாத) மோட்டர் ஒன்று வாங்கிப் பூட்டினேன். ஓட்டுவது ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையும், அது சொல்கிறபடி மோட்டருக்கு மின்சாரம் விடுகிற எல்298என் பலகையும். விட்டு விட்டு வருகிற துடிப்பு மின்சாரத்தில் மெதுவாக ஓடும் என்று பெருமையாக ஒரு வீடியோவும் எடுத்தேன். அரை மணித்தியாலத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து கருகிய மணம்.

காரணம் இது. ஆர்டுயினோ யூனோவின் 9ஆம் பின்னில் நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் துடிப்பு செக்கனுக்கு 490 தரம். இரும்புக் கரு உள்ள மோட்டர் அதைத் தாங்கும். கோர்லெஸ் மோட்டரில் அந்தக் கரு இல்லை, ஒவ்வொரு துடிப்புக்கும் மின்னோட்டம் ஏறி இறங்கிச் சுருளைச் சூடாக்குகிறது. வேகம் இல்லை, சூடு மட்டும். ரைமரின் பிரிப்பெண்ணை (துடிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கிற எண்) மாற்றித் துடிப்பை 31 கிலோஹேர்ட்ஸ் அளவுக்கு ஏற்றினேன், இப்போது குளிர்ச்சியாக ஓடுகிறது. முன்பு கேட்ட கீச்சென்ற சத்தமும் இல்லை. எல்298என் தன் பங்குக்கு இரண்டு வோல்ற் அளவில் விழுங்கிவிடும், 12 கொடுத்தால் 10 தான் பாதைக்குப் போகும். ஷண்டிங்குக்கு அது தாராளம்.

செப்டம்பர் 17

வீடியோவைப் பார்த்துவிட்டு, புகையிரதத்தில் கார்ட்டாக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் எழுதியது:

“தம்பி, உங்கட எஞ்சின் ஓடுது. யார்ட்டுக்குள்ள எஞ்சின் நடக்கோணும். வேகனுக்குப் பக்கத்தில கொடியோட ஒரு மனுசன் நடந்து வாறான் எண்டு நினைச்சு ஓட்டுங்க.”

கணக்குப் பார்த்தேன். மணிக்கு 10 கி.மீ. என்றால் 1:87 இல் செக்கனுக்கு 3.2 செ.மீ. என் 90 செ.மீ. பலகையைக் கடக்க 28 செக்கன் ஆக வேண்டும். வீடியோவில் நான் கடந்தது ஏழு செக்கனில். அதாவது கடதாசி ஆலைக்குள் மணிக்கு 40. மனுசன் நடந்து வருவதென்றால் மணிக்கு 5 தான், முழுப் பலகைக்கும் ஏறத்தாழ ஒரு நிமிசம்.

முதல் பதிவில் மூன்று சைடிங், இரண்டு பொயின்ற் என்று எழுதியபோது இதைத்தான் தலைப்பில் போட்டிருக்க வேண்டும். மெதுவாக ஓடினால் சின்னப் பலகை பெரிதாகிவிடுகிறது. இரண்டு மாதம் மஞ்சளோடு மல்லுக்கட்டியதை விட ஐயாவின் மூன்று வரி அந்த யார்ட்டை அதிகம் மாற்றியது.

ஒக்டோபர் 6

மெதுவாக ஓட்டத் தொடங்கியதும் புதுத் தொல்லை. வேகமாகப் போகும்போது தாண்டிவிடுகிற அழுக்கெல்லாம் இப்போது எஞ்சினை நிறுத்துகிறது. பொயின்ற்றின் நடுவில் பிளாஸ்ரிக் துண்டு இருக்கிறதல்லவா, அதில் குறுகிய எஞ்சின் போய் அப்படியே நின்று என்னைப் பார்க்கிறது. விரலால் தள்ள வேண்டும். நிஜ யார்ட்டில் வானத்திலிருந்து ஒரு விரல் வருமா?

பாதையைத் துடைக்க மருந்துக்கடை ஸ்பிரிட் எடுத்தேன். துடைத்த அன்று நன்று, மூன்றாம் நாள் பிசுபிசுப்பு. போத்தலைத் திருப்பி வாசித்தால் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கிறது, தோலுக்கு நல்லதாம். பாதைக்குத் தோல் இல்லை. திரும்ப அதே ஐசோபுரோப்பைல்தான். பொயின்ற்றின் நடுத்துண்டு உலோகமாக உள்ளதை வாங்கி மின் இணைப்புக் கொடுத்தேன், நிற்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலிலேயே அதை வாங்குங்கள். இரும்புத் தண்டவாளம் மலிவு என்று வாங்காதீர்கள், எங்கள் உப்புக் காற்றில் ஒரு மாரி தாங்காது. நிக்கல் சில்வர் வாங்குங்கள்.

வேகன் கழற்ற ஈர்க்கில். நுனியைச் சுடுநீரில் வளைத்துக் கொக்கி ஆக்கினால் போதும். டொலரில் விற்கிற கருவியை விட நல்லது, உடைந்தால் விளக்குமாற்றில் இன்னொன்று இருக்கிறது.

ஒக்டோபர் 20

வைக்கோல் வேகனுக்கு நிஜ வைக்கோலை வெட்டி ஏற்றிப் பார்த்தேன். 3 மி.மீ. தடித்த வைக்கோல் தண்டு 1:87 இல் 26 செ.மீ. தடிப்பு, மரக்குற்றி ஏற்றிய வேகன்! தும்பு நார் பரவாயில்லை, ஆனாலும் விறைப்பு. கடைசியில் அரிசிச் சாக்கிலிருந்து உருவிய சணல். 5 மி.மீ. துண்டாக வெட்டி, வெள்ளைப் பசை கலந்த தண்ணீரில் நனைத்துக் குவித்தால் பெரியப்பா வீட்டு விடுமுறைதான்.

தென்னை மரம் கேட்டவருக்கு: 20 மீற்றர் தென்னையைக் கணக்குப்படி செய்தால் 23 செ.மீ. ஆலைப் புகைபோக்கியே என்னிடம் 18. மூன்று மரத்தையும் வளர்ந்துவரும் பிள்ளைத் தென்னை என்று வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 24

பத்து நாளாக மழை. பெயின்ற் பக்கமே போகவில்லை. ஒருநாள் மட்டும் ஆசை விடாமல் வேகன் ஒன்றுக்குப் பளபளப்பு வாணிஷ் அடித்தேன், காய்ந்ததும் வெள்ளைப் புகார் மூடியது. திரவம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது. நவம்பரில் இருந்து ஜனவரி வரை தூரிகையோடு நின்றுகொள்ளுங்கள், ஸ்பிரேயை எடுத்து உள்ளே வையுங்கள்.

எழுத்து வேலை பார்த்தேன். எஞ்சின் பக்கத்தில் ஆலைப் பெயர், நிலையப் பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும். நிஜத்தில் 20 செ.மீ. உயர எழுத்து என்றால் எனக்கு 2.3 மி.மீ. லேசர் அச்சில் ஒட்டுத்தாள் எடுத்தேன். மை ஓடாது என்றாலும் ‘ழை’யின் சுழி அடைத்துக்கொண்டு ‘வாளை’ மாதிரித் தெரிகிறது. மெல்லிய எழுத்துருவுக்கு மாற்றினேன், இப்போது வாழை. ஒட்டுமுன் அடியில் பளபளப்பு வாணிஷ் இருக்க வேண்டும், மங்கல் பரப்பில் ஒட்டினால் காற்று சிறைப்பட்டு ஓரம் வெள்ளி மாதிரி மின்னும். ஒட்டிய பிறகு மங்கல் வாணிஷ் அடித்து எல்லாவற்றையும் ஒன்றாக்கலாம். எப்போது? ஆம், மழை விட்ட பிறகு.

டிசம்பர் 8

மழைக்கால விளையாட்டு நிலவரம்: மகளுக்கு எட்டு வேகனும் பெயரோடு பாடம். நான் 22 நகர்வில் முடிப்பதை அவள் 14 இல் முடிக்கிறாள். “அப்பா முதலில் இழுத்துவிட்டுப் பிறகு யோசிக்கிறார்” என்பது அவள் கண்டுபிடிப்பு.

பல்லி ஒன்று ஆலைக் கூரையைச் சொந்தமாக்கியிருக்கிறது. 1:87 இல் அது எவ்வளவு நீளம் என்று கணக்குப் பார்க்க வேண்டாம், நான் பார்த்துவிட்டேன், பயமாக இருக்கிறது.

2025 ஜனவரி 26

அக்கரைப்பற்றுத் தம்பியின் படம் பார்த்தேன். நாலடிப் பலகையில் மூன்று சைடிங், கரும்பு வேகன் எட்டு, ஈர்க்கில் கொக்கி. தூரத்தில் சுவரோடு அந்தச் சிவப்பு ஜெர்மன் எஞ்சின் அசையாமல் நிற்கிறது. உதயதேவிக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாராம், வீடு கட்டும்போது மேல்மாடி முழுக்கப் பாதை போடுவாராம். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஷண்டிங் எஞ்சினுக்கு மஞ்சள் கேட்டிருக்கிறார். மிச்சம் அரைப் போத்தல் இருக்கிறது. சனிக்கிழமை அக்கரைப்பற்று பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், மூடியில் டேப் சுற்றியிருக்கும். தம்பி, வெள்ளை அடிப்பூச்சை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சாம்பல் வேண்டாம்.